வெலிச்கோ அழித்த கிணறுகள்

கலினோவோ என்ற சிறு நகரத்தின் வாசகசாலையில் வெலிச்கோவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் கிடைக்காது. குளிர்காலத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வார். நாடகக் குழுவுக்கு விளக்குப் போடுவார். நடனப் பெண்களின் ஒலிபெருக்கி கரகரத்தால் பிரித்துச் சரிசெய்வார். நூலகக் கூரை ஒழுகும்போது வாளியை எந்த அலமாரிக்கும் எந்த அலமாரிக்கும் நடுவே வைக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சம்பளப் பதிவேட்டில் 'தொழில்நுட்பப் பணியாளர், அரை நாள்' என்று இருந்தது. மீதி அரை நாளையும் அவர் அங்கேதான் கழித்தார். மனைவி மில்கா ரொட்டிக்கடையிலிருந்து வரப் பிற்பகல் ஆகிவிடும். ஆளில்லாத வீட்டில் உட்கார அவருக்குப் பிடிக்காது.

இளமையில் ஒன்பது வருடம் கணினி டிஸ்க் தொழிற்சாலையில் இருந்தவர். வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூசி இல்லாத அறையில் நின்று, தயாராகி வரும் ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதித்து அனுப்புவது அவர் வேலை. எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுகிறதா என்று ஏழு தடவை பார்ப்பார்கள். ஆட்சி மாறியது, ஆலை மூடப்பட்டது. அந்த அறையில் சோபா விற்றார்கள், பிறகு அதுவும் இல்லை. வெலிச்கோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காலுறை விற்றார், மொட்டைமாடிகளில் ஆன்டெனா கட்டினார், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்தார். வாசகசாலைச் செயலாளர் கிச்கா, கணினி அறைக்கு ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகு வேறு எங்கும் போகவில்லை.

அந்த அறையில் பதினான்கு கணினிகள். ஜெர்மனியில் ஏதோ அலுவலகம் கழித்துப்போட்டவை. லாரியில் வந்து இறங்கிய காலத்தில் நன்றாகத்தான் ஓடின. பத்து வருடத்தில் அவை கிழடு தட்டிவிட்டன. பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போய் ஒரு காப்பி குடித்து, ஒரு சிகரெட் பிடித்து, பேருந்து நிலையத்தில் யார் வந்திறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் திரை அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு இல்லை என்று ஒரு அறிவிப்பு வேறு தினமும் வந்து பயமுறுத்தும். ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகள் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் இருந்தார்கள். அவர்களோடு முகம் பார்த்துப் பேச வரும் கிழவர்கள், பிள்ளையின் முகம் பாதியில் உறைந்து நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். புதுக் கணினி வாங்க நகராட்சி ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றது.

ஒரு குளிர்காலத்தில் வெலிச்கோ ஓர் இலகுவான இயங்குதளத்தைப் பற்றிப் படித்தார். உள்ளே பிரவுசரைத் தவிர வேறொன்றும் கிடையாது. வேலையெல்லாம் இணையத்திலேயே நடக்கும், கோப்பெல்லாம் இணையத்திலேயே இருக்கும். அதனால் கிழட்டு இயந்திரமும் அதைச் சுமக்கும் என்று எழுதியிருந்தார்கள். விலையும் இல்லை. அவர் நம்பவில்லை. ஆனாலும் ஒரு பென் டிரைவில் இறக்கி, மூலையில் கிடந்த ஆறாம் எண் கணினியில் செருகிப் பார்த்தார். திரையில் இரண்டு வழி காட்டியது: நிறுவாமல் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அல்லது நிறுவலாம். அவர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். அரை நிமிடத்தில் திரை பளிச்சென்று எழுந்து நின்றது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மில்காவிடம் சொன்னபோது அவள் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அதுக்குள்ள ஒண்ணுமே இல்லைங்கிற."

"ஒரு ஜன்னல் இருக்கு. அது வழியாவே எல்லாத்தையும் பண்ணிக்கலாம்."

"கதவு இல்லாம ஜன்னல் மட்டும் வச்ச வீடு. திருடனுக்குத்தான் சௌகரியம்."

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கு ரொட்டி வேகுறது புரியும், போதும். சாப்பிடு."

ஒரு மாதம் அவர் பொறுமையாகச் சோதித்தார். மூன்று கணினிகளில் ஒலி வரவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தார். ஒன்று என்ன செய்தும் ஏற்கவில்லை, அதை ஒதுக்கிவைத்தார். நிறுவினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. அதனால் ஒவ்வொன்றிலும் இருந்ததை முதலில் ஒரு பெரிய வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தார், பிறகே நிறுவினார். நடனப் பெண்களின் பழைய படங்கள், யாரோ எழுதிப் பாதியில் விட்ட வேலை விண்ணப்பம், சீட்டாட்டத்தில் எடுத்த புள்ளிகள் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. பதின்மூன்று கணினிகள் உயிர்பெற்றன. கிழவர்கள் பேரப்பிள்ளைகளோடு மணிக்கணக்கில் பேசினார்கள். அறையில் இரைச்சல் தாங்காமல் கிச்கா, நூலகத்துக்கும் அதற்கும் நடுவே கம்பளித் திரை ஒன்று தொங்கவிட்டாள்.

அதன் பிறகு வெலிச்கோவுக்கு ஊரில் வேறு மரியாதை வந்தது. "மாஸ்டர், எங்க வீட்டுல ஒண்ணு கிடக்கு, பாக்கிறீங்களா?" என்று பரணில் கிடந்த மடிக்கணினிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காலுறை விற்ற காலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் வந்தார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். வரிசை நீண்டது. வெளி டிஸ்க் நிரம்பியது. நகலெடுப்பதுதான் வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது. ஆகவே, "உள்ள வேணுங்கிறது ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, இருக்கிறது என்றவர்களுக்கு மட்டும் நகலெடுக்கத் தொடங்கினார். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்றார்கள். உண்மையிலும் ஒன்றும் இருக்காது.

நெவெனா வந்தது மார்ச் முதல் தேதி. வசந்தத்தை வரவேற்க எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டியிருக்கும் நாள். நெவெனா பதினெட்டு வருடம் இத்தாலியில், பிரெஷியா நகரத்தில், படுத்த படுக்கையான முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். அவள் கணவன் ஸ்டாமென் இங்கேயே இருந்து பேருந்து ஓட்டினான். கலினோவோவிலிருந்து மேலே ஸ்டுடெனா கிராமத்துக்குப் போய்வரும் வண்டி. கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு டயரையும் இரண்டு தரம் தட்டிப் பார்ப்பான் என்று ஊரில் கேலி செய்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஜனவரியில் அவன் இறந்தபோது நெவெனா வந்தாள், பிறகு திரும்பிப் போகவில்லை.

அவ்வளவு காலம் வெளியில் இருந்ததில் அவளுடைய தலை குழம்பிப்போயிருந்தது. இங்கே ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். இத்தாலியில் நேர்மாறு. வந்த புதிதில் ரொட்டிக்கடையில் மில்கா, "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்க, நெவெனா மேலும் கீழும் தலையசைக்க, மில்கா எடுத்த ரொட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். "உன் தலை இன்னும் ரயில்லதான் வந்துக்கிட்டிருக்கு போல" என்று மில்கா கிண்டல் செய்வதும், நெவெனா தன் தாடையைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்பிக் காட்டுவதும் கடையில் வாடிக்கையாகிவிட்டது. வெலிச்கோவும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அன்று பதினோரு மணிக்கு நகரத்தந்தை புகைப்படக்காரரோடு கணினி அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. வெலிச்கோ இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மேசையில் எட்டு மடிக்கணினிகள் வரிசையாக நின்றன. வருபவர்கள் பார்க்கும்போது எட்டும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏழு தயார். நெவெனா, ஸ்டாமெனின் மடிக்கணினியை எட்டாவதாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஸ்பெயின்ல, சரகோசாவுல இருக்கிற மக கூடப் பேசணும் வெலிச்கோ. போன்ல அவ மூஞ்சி தபால்தலை மாதிரி தெரியுது."

"இன்னிக்கே முடிச்சுடலாம் அக்கா. உள்ள வேணுங்கிறது ஏதாவது இருக்கா?"

அவர் கேட்டுக்கொண்டே பென் டிரைவைச் செருகினார். அதே நேரம் கிச்கா, நகரத்தந்தையின் வண்டி வந்துவிட்டது என்று கம்பளித் திரைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள். நெவெனா வாசல் பக்கம் திரும்பியபடி தலையை மேலும் கீழும் அசைத்தாள். வெலிச்கோ அதைப் பார்த்தார். இல்லை என்று எடுத்துக்கொண்டார். எல்லாம் அழியும், தொடரலாமா என்று திரை கேட்டது. அவர் தொடர்ந்தார். பதினோரு நிமிடத்தில் வேலை முடிந்தது. எட்டும் ஒன்றாக எழுந்து நின்றன. நகரத்தந்தை அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை நெவெனா அந்த மடிக்கணினியோடு மறுபடியும் வந்தாள். கூட மாவட்டத் தலைநகரிலிருந்து டெயானா என்ற இளம் வக்கீல். ஸ்டுடெனா கிராமத்துக்கு மேலே மலையைக் குடைந்துகொண்டிருந்த கல் குவாரி, உரிமத்தை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தது. குவாரி வந்த பிறகுதான் கிணறுகள் வற்றுகின்றன என்று கிராமத்தார் சொன்னார்கள். விசாரணை அக்டோபரில். டெயானா கிராமத்தாருக்காக வாதாடப்போகிறவள்.

"சார், இதுல ஒரு அட்டவணை இருக்கணும்" என்றாள் அவள். "ஸ்டாமென் ஐயா குவாரி வந்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஸ்டுடெனாவுல இருபத்தொரு கிணத்தையும் கயிறு விட்டு அளந்திருக்காரு. பதினொரு வருஷம். ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. எங்க கையில இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்."

"டிக்கெட் கட்டு முதுகுல எழுதிட்டு வருவாரு" என்றாள் நெவெனா. "சாயங்காலம் இதுல ஏத்திட்டு அந்தக் காகிதத்தை அடுப்புல போட்டுருவாரு. போன்ல எனக்குச் சொல்லுவாரு, பள்ளிக்கூடத்துக் கிணறு நாலு விரக்கடை எறங்கிருச்சு, பாதிரியார் கிணறு ஒரு சாண் எறங்கிருச்சுன்னு. நான் அங்க ஒரு கிழவிக்குக் கால் கழுவி விட்டுக்கிட்டே கேப்பேன். அதான் அன்னிக்கு உன்கிட்ட இருக்குன்னு தலையாட்டுனேனே. எங்க எடுத்து வச்சிருக்க?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வெலிச்கோவுக்கு அவள் தலை அசைந்த திசை நினைவுக்கு வந்தது. வாய் என்ன சொல்லப்போகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"டிஸ்க் வரும்போதே செத்துக் கெடந்துச்சு அக்கா. ஒண்ணும் படிக்க முடியல. வேற டிஸ்க் போட்டுத்தான் குடுத்தேன்."

"பழைய டிஸ்க் எங்க சார்?" என்றாள் டெயானா. "தலைநகரத்துல மீட்டுத் தர்ற ஆளுங்க இருக்காங்க."

"குப்பையில போட்டுட்டேன்."

ஒரு பொய்க்கு இரண்டாயிற்று. டெயானா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெவெனா வெலிச்கோவின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ என்ன பண்ணுவ பாவம். தேஞ்ச சாமானை நம்பி வச்சது அவர் தப்பு."

மறுநாள் அவள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்ஸாவை ஒரு தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் மெனக்கெட்டதற்கு என்று. வெலிச்கோ அதைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி மில்காவிடம் தள்ளிவிட்டார்.

அவர்கள் வந்த அன்றே, இயந்திரத்தில் ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி அந்த மடிக்கணினியை வாங்கி வைத்திருந்தார். மூன்று நாள் கொதிகலன் அறையில் உட்கார்ந்து, தெரிந்த வித்தையெல்லாம் காட்டி, அழிந்ததை மீட்கப் பார்த்தார். படத்துண்டுகள் சில வந்தன: ஒரு கிணற்றின் விளிம்பு, ஈரக் கயிறு, ஸ்டாமெனின் ஒரு செருப்பு. அட்டவணை வரவில்லை. ஏதாவது வந்திருந்தால் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று அவர் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது உண்மையா என்பது அவருக்கு நிச்சயமில்லை. அந்த டிஸ்க் மட்டும் முத்துப் போல இருந்தது. ஒரு கீறல் இல்லை. எழுதியதையெல்லாம் திருப்பிப் படித்துக் காட்டியது. ஒன்பது வருடம் டிஸ்க் சோதித்தவர், நல்ல டிஸ்க் ஒன்றைச் செத்ததென்று சொல்லியிருந்தார்.

அக்டோபர் விசாரணையில் குவாரிக்காரர்களின் பொறியாளர் வண்ணப் படங்களோடு வந்து, மழை குறைந்ததுதான் காரணம் என்றார். ஸ்டுடெனா ஆட்கள் எழுந்து, கண்ணால் பார்த்தோம் என்றார்கள். எவ்வளவு இறங்கியது, எப்போது இறங்கியது என்று கேட்டதற்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். உரிமம் நீண்டது. சில நாள் கழித்து டெயானா ஏதோ காகிதம் அச்செடுக்க வாசகசாலைக்கு வந்தபோது வெலிச்கோ அவளை வாசல்வரை பின்தொடர்ந்து போனார்.

"அந்த எண்கள் இருந்திருந்தா முடிவு மாறியிருக்குமா?"

"மாறியிருக்கலாம். மாறாமலும் போயிருக்கலாம் சார்" என்றாள் அவள். "ஆனா அந்தப் பொறியாளரைப் பாதி நாள் நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருப்பேன். அது மட்டும் நிச்சயம்."

அந்தப் பதிலோடு அவர் வருடக்கணக்கில் வாழ வேண்டியிருந்தது.

ஊரில் ஒருவர் இறந்தால், படத்தோடு அச்சடித்த நினைவுத்தாளை வீட்டு வாயிற்கதவிலும் மரங்களிலும் வாசகசாலைப் பலகையிலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள், ஆறு மாதம், பிறகு வருடா வருடம். அந்தப் பலகை வெலிச்கோவின் பொறுப்பில் இருந்தது. ஸ்டாமெனுக்கு முதல் இரண்டு வருடமும் நெவெனா தாள் கொண்டுவந்து தந்திருந்தாள். மூன்றாம் ஜனவரி வந்தது, அவள் வரவில்லை. வெலிச்கோ வேண்டுமென்றே அவள் வீட்டு வழியாகப் போய்ப் பார்த்தார். கதவில் போன வருடத்துத் தாள் மழையில் வெளுத்து, முகம் கரைந்து தொங்கியது. உடம்புக்கு முடியாமல் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நான்காம் ஜனவரியிலும் அவள் வரவில்லை. கதவில் அந்தத் தாளும் இப்போது இல்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது மில்கா சொன்னாள்:

"நெவெனாகிட்ட இன்னிக்கு யாரோ கேட்டாங்க, திதிக்குக் கோதுமை வேக வச்சாச்சான்னு. எதுக்கு வைக்கணும்னு கேக்குறா. பதினொரு வருஷ உழைப்பைக் கொண்டுபோய் ஓட்டை டிஸ்க்ல வச்சிட்டுப் போனவராம். ஒரு நோட்டு வாங்க வக்கில்லையாம். டயரை ரெண்டு தரம் தட்டுறவர்னு ஊரு பேசுச்சே, அதெல்லாம் சும்மா வேஷமாம். செத்தவரைப் பத்தி இப்பிடிப் பேசாதேன்னேன். அவ காதுலயே வாங்கல. கல்லறைப் பக்கமே போறதில்லையாம்."

வெலிச்கோ கரண்டியைக் கீழே வைத்தார். அதுவரை அவர் குற்றம் என்று நினைத்ததெல்லாம் கிணறுகளைப் பற்றித்தான். இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எல்லாவற்றையும் மில்காவிடம் சொன்னார். மில்கா ரொம்ப நேரம் மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பானிட்ஸாவை எனக்குத் தின்னக் குடுத்தியே" என்றாள் கடைசியில். "போய்ச் சொல்லு."

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது மில்கா."

"அதுக்காக மூணா ஆக்கப்போறியா?"

அப்படியும் அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. திராட்சைக்கொடி கவ்வாத்து செய்யும் பிப்ரவரித் திருநாளன்று போனார். ஊரே தோட்டங்களில் இருந்தது; எங்கோ தாளமும் ஊதுகுழலும் கேட்டன. நெவெனா கொல்லையில் தனியாக நின்று கொடி நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கப்படி வெட்டிய இடத்தில் ஊற்ற ஒரு குவளையில் ஒயின் வைத்திருந்தாள்.

"வா வெலிச்கோ. வாசகசாலையை விட்டு நகராதவன் இன்னிக்கு இங்க எப்பிடி? ஒரு வாய் ஊத்தட்டுமா?"

"வேணாம் அக்கா. அந்த டிஸ்க் சாகல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நின்றபடியே, எதையும் முன்பின் மாற்றாமல் சொல்லிமுடித்தார்: வரிசை, நகரத்தந்தை, தலையசைப்பு, பதினோரு நிமிடம், பொய், அடுத்த பொய். நெவெனா இரண்டு கொடிகளை நறுக்கினாள். பிறகு கேட்டாள்:

"நான் இல்லைன்னு வாயால சொன்னேனா?"

"இல்ல. தலையாட்டுனீங்க."

"எப்பிடி?"

அவர் காட்டினார். அவள் ஒரு கணம் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

"அந்த ஊர் என் பதினெட்டு வருஷத்தைத் தின்னுச்சு. போதாதுன்னு தலையையும் வாங்கிக்கிட்டுச்சு." கத்தரியை வேலிக்கம்பில் மாட்டினாள். "டிஸ்க்கு போனதை நான் மன்னிச்சிருப்பேன் வெலிச்கோ. யாருக்கும் கை தவறும். அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் உன்னைத் திட்டியிருப்பேன், அப்புறம் உன் வீட்டுலயே வந்து காப்பி குடிச்சிருப்பேன். ஆனா ரெண்டு வருஷம் நான் அவரைத் திட்டுனேன். பொழுதன்னிக்கும் திட்டுனேன். இருந்தவரைக்கும் கூட இருக்கல, செத்த பிறகாவது மனசுல நல்லா வச்சிருந்தேன். அதையும் நீ எடுத்துக்கிட்ட."

"என்ன பண்ணணும்னு சொல்லுங்க அக்கா. பண்றேன்."

"இப்ப போ."

அவர் போனார்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் நெவெனா வாசகசாலைக்கு வந்தாள். வெலிச்கோவைப் பார்க்காமல் நேராகக் கிச்காவின் மேசைக்குப் போய் ஒரு தாளை வைத்தாள். ஸ்டாமெனின் படம், ஓட்டுநர் தொப்பியோடு. கீழே பெரிய எழுத்தில்: 'பதினொரு வருடம் ஸ்டுடெனாவின் இருபத்தொரு கிணறுகளை அளந்து எழுதி வைத்தவர். ஒரு ஞாயிறும் தவறவில்லை. எழுதியதைத் தொலைத்தவர் இவர் அல்லர். தவறாக நினைத்ததற்கு மனைவி மன்னிப்புக் கேட்கிறாள்.'

"பலகையில போடச் சொல்லு கிச்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிச்கா இரண்டு தரம் படித்தாள்.

"அப்ப யாரு தொலைச்சது?"

"நான்தான்" என்றார் வெலிச்கோ.

கிச்கா கண்ணாடியைக் கழற்றினாள். அவர் தாளை எடுத்துப் போய், நான்கு மூலையிலும் ஊசி குத்தி, பலகையின் நடுவில் தொங்கவிட்டார். தாளில் அவர் பெயர் இல்லை. ஆனால் படித்தவர்கள் எல்லாரும் கிச்கா கேட்டதையே கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஸ்டுடெனாவிலிருந்து வரும் பேருந்தில் ஒருவர் இவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். மடிக்கணினி கொண்டுவருவது கொஞ்ச காலம் நின்றது, பிறகு மெல்ல ஒன்றிரண்டு வந்தது. இப்போதெல்லாம் அவர் நகலெடுக்காமல் ஒன்றையும் தொடுவதில்லை; ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தாலும் எடுக்கிறார். "மாஸ்டருக்குக் கிறுக்கு" என்கிறார்கள்.

அந்த வசந்தத்திலிருந்து நெவெனாவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடெனாவுக்குப் போகத் தொடங்கினாள். வீட்டிலிருந்த கயிறு, அதன் நுனியில் ஸ்டாமென் கட்டியிருந்த இரும்புத்துண்டு, ஒரு நோட்டுப்புத்தகம். மகளோடு பேசுவதற்கு வீட்டுக் கணினியைத் திறப்பாள். கிணற்று எண்களை மட்டும் அதில் ஏற்ற மாட்டாள். திங்கட்கிழமை காலை வாசகசாலைக்கு வந்து, ஆறாம் எண் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி ஏற்றுவாள். இருபத்தொன்றில் பதின்மூன்றுக்கு நேராக 'காய்ந்தது' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. மிச்சம் எட்டு. டெயானா அவளிடம், பத்து வருட உரிமம் முடியும்போது மறுபடி விசாரணை வரும், அதற்குள் எண்கள் சேரட்டும் என்று சொல்லியிருந்தாளாம். நெவெனாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயதாகியிருக்கும்.

வெலிச்கோவோடு அவள் பேசுவதில்லை. அறையில் அவர் அவளிடமிருந்து நாலடி தூரத்தில்தான் இருப்பார். ஏதாவது தெரியவில்லை என்றால் அவள் கம்பளித் திரைக்கு அப்பால் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"கிச்கா, இந்தக் கட்டம் சிவப்பா ஆயிருச்சு. ஏன்னு கேளு."

கிச்கா எழுந்து வந்து திரையை விலக்குவாள். "வெலிச்கோ, அவ கட்டம் சிவப்பா ஆயிருச்சாம்."

"எண்ணுக்குப் பதிலா எழுத்து அடிச்சிருக்காங்க. அழிச்சிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்க."

"நெவெனா, அழிச்சிட்டு அடிக்கணுமாம்."

"கேட்டுச்சு."

முதல் சில வாரங்கள் கிச்கா பெருமூச்சு விட்டாள். அதற்குப் பிறகு அதுவும் அவளுடைய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நெவெனா எல்லாம் ஏற்றி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"இது இங்க அழிஞ்சா வேற எங்கெல்லாம் இருக்கும்னு கேளு."

கிச்கா அவரைப் பார்த்தாள்.

"இணையத்துல ஒண்ணு" என்றார் வெலிச்கோ. "டெயானாம்மாகிட்ட ஒண்ணு. என் வெளி டிஸ்க்ல ஒண்ணு. காகிதத்துல ஒண்ணு, வாரா வாரம் அச்செடுத்து அலமாரியில வைக்கிறேன்."

அவர் அச்செடுத்துக்கொண்டிருந்ததை நெவெனா அதுவரை அறிந்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் திரையைப் பார்த்தாள்.

"அந்தக் காகிதத்தை என்கிட்டக் குடுக்கச் சொல்லு கிச்கா" என்றாள். "அலமாரியில வேணாம். எங்க வீட்டுல இருக்கட்டும்."

வெலிச்கோ எடுத்து வந்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். அவள் எண்ணிப் பார்த்து, நோட்டுப்புத்தகத்துக்குள் செருகி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பத்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று கிச்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.